பெரியப்பாவின் வரைபடங்களும் அவற்றோடு இருந்த கடிதங்களும்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பட்டணத்தில் ஒரு கடைவரிசையின் மாடியறையில் என் பெரியப்பா ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கட்டடக் கலைஞராகத் தொழில் செய்தார். கோலாலம்பூர் தொழில்நுட்பக் கல்லூரியில், அதாவது இன்று மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமாக வளர்ந்திருக்கும் அதே நிறுவனத்தில் படித்தவர். ஈப்போவில் சில காலம் ஓர் அலுவலகத்தில் பணியாற்றிவிட்டு, 1967-ஆம் ஆண்டின் கட்டடக் கலைஞர் சட்டம் வந்தபின் முறைப்படி பதிவு பெற்று, சொந்த ஊருக்கே திரும்பி வந்து பலகை மாட்டினார். அவர் மறைந்து ஓராண்டு கழிந்தபோது கடையின் உரிமையாளர் மாடியைக் காலி செய்து தரும்படி மரியாதையாகக் கேட்டு, மூன்று மாத அவகாசமும் கொடுத்தார். பெரியப்பாவுக்குப் பிள்ளைகள் இல்லை. உள்ளூரில் இருப்பவன் நான் ஒருவனே என்பதால் பெரியம்மா சாவியை என் கையில் கொடுத்தார்.

கதவைத் திறந்தபோது கண்ணில் பட்டவை: ஆறு இழுப்பறைகள் கொண்ட இரும்புப் பிளான் பெட்டி, அலமாரியின் மேல் கரும்புக் கட்டுபோல் அடுக்கியிருந்த வரைபடச் சுருள்கள், பிஸ்கட் டின்களில் ரசீது அடிக்கட்டைகள், ஆண்டுவாரியாக நாட்குறிப்புகள், நாட்காட்டியிலிருந்து கிழித்த தாள்களின் வெற்றுப் பக்கத்தில் பென்சில் கோடுகள், பெரியம்மா தைப்பிங்கில் தம் தாய்வீட்டில் இருந்தபோது எழுதிய கடிதங்கள். உறவினர் ஒருவர் எல்லாவற்றையும் எடைக்குப் போட்டுவிடலாம் என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நம்மவர் வீடுகளில் இப்படித்தான் நடந்துகொண்டிருக்கிறது. வாத்தியார்களின் ஏடுகளும் தோட்டத்து எழுத்தர்களான கிராணிமார்களின் பதிவேடுகளும் இப்படித்தான் போயின.

நான் மறுத்ததற்குக் காரணம் இந்த ஊரே. சுங்கை சிப்புட்டைச் சுற்றியிருந்த ரப்பர்த் தோட்டங்களின் வரலாற்றைப் பேசுவோர் 1948 ஜூன் 16-ஆம் நாளைப் பேசுவார்கள். அன்று இங்கே தோட்ட நிர்வாகிகள் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டதைத் தொடர்ந்துதான், கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியை அடக்க அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. ஆனால் அந்தத் தோட்டங்களில் மக்கள் எப்படிப்பட்ட வீட்டில் இருந்தார்கள், குழாயடி எத்தனை தூரத்தில் இருந்தது, குழந்தைகளை விட்டுச்செல்லும் ஆயாக்கொட்டகையின் கதவு எந்தப் பக்கம் திறந்தது என்பவற்றைச் சொல்ல இன்று ஆளும் குறைவு, கட்டடமும் இல்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்கள் இடிக்கப்பட்டன, சனங்கள் தாமான் எனப்படும் புதுக் குடியிருப்புகளுக்குக் குடிபெயர்ந்தார்கள். பெரியப்பாவின் சுருள்களில் மிகப் பழையது, அவர் தொழிலுக்கு வருமுன்பே வரையப்பட்ட ஒரு நகல். ஏதோ ஒரு தோட்ட அலுவலகம் அளவு பார்ப்பதற்காகக் கொடுத்திருக்க வேண்டும். காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்கு உணவும் உதவியும் போகாமல் தடுக்க 1950-இல் வந்த பிரிக்ஸ் திட்டத்தின்படி சிதறிக் கிடந்த லயங்களை ஓரிடத்தில் நெருக்கி அமைத்தபோது போட்ட படம் அது. வீடுகளைச் சுற்றி ஒரு கோடு ஓடுகிறது. அந்தக் கோட்டின் மேல் சிறுசிறு பெருக்கல் குறிகள். அவை முள்வேலி. இரண்டு இடத்தில் மட்டும் குறி விட்டுப்போயிருக்கிறது, அவை வாயில்கள். என் பாட்டி வாயிலில் சோதனைக்கு நின்ற கதையைப் பலமுறை சொல்லிக் கேட்டிருக்கிறேன். அந்த வாயிலின் அகலம் பன்னிரண்டு அடி என்பதை இந்தத் தாளைப் பார்த்துத்தான் அறிந்தேன்.

சாவி வாங்கிய முதல் வாரத்திலேயே நான் ஒரு பெரிய தவறு செய்தேன். அதை இங்கே எழுதி வைப்பது, இதே நிலையில் இருக்கும் வேறு ஒருவராவது அதைச் செய்யாமல் இருப்பதற்காகத்தான். அறை ஒழுங்கில்லாமல் கிடக்கிறது என்று எண்ணி அதை ஒழுங்குபடுத்தினேன். வரைபடங்களை ஒரு பக்கம், கடிதங்களை ஒரு பக்கம், கணக்கை ஒரு பக்கம், குடும்பத்துக்கு உரியவற்றை ஒரு பக்கம் என்று பிரித்தேன். துருப்பிடித்த கிளிப்புகளைக் கழற்றினேன். இற்றுப்போன ரப்பர் வளையங்களை அறுத்தெறிந்தேன். இரண்டு நாளில் அறை பார்க்க அழகாகிவிட்டது. பிறகு, ஆவணக் காப்பகம் ஒன்றில் பணியாற்றி ஓய்வு பெற்ற அம்மையார் ஒருவரை நண்பர் அழைத்து வந்தார். அவர் ஒரு கடிதத்தைக் கையில் எடுத்து, "தம்பி, இது எந்தச் சுருளோடு இருந்தது?" என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

ஆவணக் காப்பில் முதல் பாடம் இதுதான் என்று அவர் விளக்கினார். ஒருவரிடமிருந்து வந்த ஆவணங்களை மற்றவருடையதோடு கலக்கக் கூடாது. அவர் வைத்திருந்த வரிசையையும் குலைக்கக் கூடாது. 1841-இல் பிரான்சு அரசு தன் ஆவணக் காப்பகங்களுக்கு அனுப்பிய சுற்றறிக்கையில் முதல் பகுதி விதியாயிற்று. 1898-இல் டச்சு ஆவணக் காப்பாளர்கள் மூவர் சேர்ந்து எழுதிய கையேடு இரண்டாவதையும் சேர்த்து உறுதிப்படுத்தியது. எனக்குக் குப்பையாகத் தெரிந்த அந்த அடுக்கு, பெரியப்பா நாற்பது ஆண்டுகளாக எதை எதனோடு சேர்த்து நினைத்தார் என்பதன் பதிவாக இருந்தது. அதைத்தான் நான் இரண்டு நாளில் கலைத்தேன்.

எவ்வளவு கலைத்தேன் என்பது ஒரு கடிதத்தால் தெரிந்தது. எழுபதுகளின் தொடக்கத்தில் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் புதிய லயம் கட்ட பெரியப்பா படம் போட்டிருக்கிறார். டிரேசிங் தாளில் இந்திய மையால் வரைந்த படம். ஒவ்வொரு வீட்டின் முன்னும் ஐந்தடி அகலத் தாழ்வாரம். பட்டணத்துக் கடைகளின் முன்னால் ஓடும் நடைபாதையை நாம் அஞ்சடி என்கிறோம் அல்லவா. 1822-இல் ராபிள்ஸ் சிங்கப்பூர் நகரமைப்புக்கு வகுத்த விதிகளோடு இந்த வட்டாரத்தில் வேரூன்றிய வழக்கம் அது. படத்தைப் பார்த்தவுடன், பெரியப்பா கடைத்தெரு மரபை லயத்துக்குக் கொண்டுபோயிருக்கிறார் என்று நான் பெருமையாக எண்ணினேன். ஒரு கட்டுரையாகவே எழுதத் தொடங்கியிருந்தேன்.

உண்மை வேறு. கடிதக் குவியலில் தோட்ட நிர்வாகியின் கடிதம் ஒன்றும், பெரியப்பா அனுப்பிய பதிலின் கார்பன் நகலும் தனித்தனியே கிடைத்தன. பெரியப்பா முதலில் போட்ட தாழ்வாரம் ஆறடி; நாலடி போதும், மரமும் தகரமும் மிச்சமாகும் என்பது நிர்வாகியின் கடிதம். பதிலில் பெரியப்பா கணக்குச் சொல்கிறார்: சைக்கிளைச் சுவரோரம் நிறுத்தினால் இரண்டடி போய்விடும், மழையில் நனைந்து வரும் பால்வெட்டுக்காரர் வாளியை இறக்கி வைத்து உடுப்பைப் பிழிய ஓர் இடம் வேண்டும், கைக்குழந்தையின் ஏணையைக் கட்டிவிட்டால் அதைக் கடந்து நடக்கவும் வழி வேண்டும். அந்த வார நாட்குறிப்பில் தமிழில் ஒரு வரி: "ஐந்தடிக்கு ஒப்பினார். ஆறுக்கு மூன்று நாள் அலைந்தேன்." ஆக, அந்த ஐந்தடி மரபு எதையும் பின்பற்றி வரவில்லை, பேரத்தில் நின்ற அளவு அது. வரைபடம் அகலத்தைச் சொல்லியது. கடிதம் காரணத்தைச் சொல்லியது. நாட்குறிப்பு அதற்காக அவர் பட்ட பாட்டைச் சொல்லியது. தொழில் ஆவணம் என்று ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, சொந்தக் காகிதம் என்று மற்றதை ஒதுக்கியிருந்தால் நான் பொய்யான ஒரு கட்டுரையை எழுதி முடித்திருப்பேன்.

இவை மூன்றும் ஒரே கட்டில் இருந்தவை என்பதை உறுதிப்படுத்தியது துரு. கடிதத்தின் இடது மேல் மூலையில் கிளிப்பின் கறை பதிந்திருந்தது: இரண்டு இணைகோடுகள், ஒரு முனை வளைந்து, உட்கோடு சற்றே குட்டையாக. டிரேசிங் தாளின் மடித்த மூலையிலும் அதே கறை. கடிதத்தை அதன் மேல் வைத்து நகர்த்தினேன். ஒரு குறிப்பிட்ட இடத்தில் கறையும் கறையும் இம்மி பிசகாமல் ஒன்றின் மேல் ஒன்று விழுந்தன. நாட்குறிப்பின் அந்தப் பக்கத்திலும் மங்கலாக அதே வளைவு. கிளிப்பைக் குப்பையில் போட்டுவிட்டேன். அது விட்டுச்சென்ற கறை உறவைக் காட்டிக்கொடுத்தது. அதன்பின் நான்கு மாதம், கறை, மடிப்பு, ஒரே அளவில் பூச்சி துளைத்த ஓட்டை ஆகியவற்றைக் கொண்டு முடிந்தவரை பழைய கட்டுகளைத் திரும்பச் சேர்த்தேன். சேராமல் போனவை ஒரு பெட்டி நிறைய உள்ளன. புதிதாக இந்த வேலையில் இறங்குபவர் எதையும் தொடுமுன் இழுப்பறை இழுப்பறையாகக் கைபேசியில் படம் எடுத்து, கட்டுக்கு ஓர் எண் கொடுத்து, மென்பென்சிலால் தாளின் பின்புறம் குறித்துவிட்டால் இந்த நான்கு மாதம் தேவைப்படாது.

இனி காகிதத்தைப் பற்றி. பேராக்கின் காற்றில் ஈரப்பதம் பெரும்பாலும் எண்பது விழுக்காட்டைத் தாண்டி நிற்கிறது; அறுபத்தைந்தைத் தாண்டினாலே பூஞ்சணம் பிடிக்கும் வாய்ப்பு தொடங்கிவிடுகிறது. ஆகவே இந்த ஊரில் காகிதத்தைக் காப்பது என்பது பாதி அளவுக்கு ஈரத்தோடு போராடுவதுதான். மாடியறையின் தகரக்கூரை ஒழுகியதால் மேல்வரிசைச் சுருள்கள் ஓரம் பழுத்துப் போயிருந்தன. கரையான் சுவரேறி வராமல் இருந்ததற்கு இரும்புப் பெட்டியே காரணம். ராமபாணப் பூச்சிக்கோ மிகவும் பிடித்தது வரைதுணி. பழைய படங்களில் சில, காகிதத்தில் இல்லாமல், கஞ்சி ஏற்றி மெருகிட்ட மெல்லிய துணியில் வரையப்பட்டவை. கஞ்சிதான் பூச்சிக்கு உணவு. அந்தத் துணியில் நீர்த்துளி பட்டால் கஞ்சி கரைந்து அந்த இடம் வெளுத்துவிடும். ஆகவே ஈரத்துணியால் துடைத்துச் சுத்தம் செய்யவே கூடாது, மென்மையான தூரிகைதான்.

எல்லாப் படத்துக்கும் ஒரே வைத்தியம் இல்லை என்பது எனக்குப் பெரும் வியப்பு. நீலப் பின்னணியில் வெள்ளைக் கோடு ஓடும் புளூபிரிண்ட், 1842-இல் ஜான் ஹெர்ஷல் கண்டறிந்த முறையில், இரும்பு உப்புகள் பூசிய தாளில் ஒளி பட்டு உருவாவது. பொதுவாகக் காகிதத்தின் அமிலத்தை முறிக்கச் சற்றுக் காரத்தன்மையுள்ள உறையில் வைப்பார்கள்; புளூபிரிண்ட்டை அப்படி வைத்தால் அந்தக் காரமே நீலத்தைத் தின்றுவிடும். அதற்குக் காரமும் அமிலமும் இல்லாத நடுநிலை உறை வேண்டும். வெயிலில் வெளிறிய புளூபிரிண்ட்டை இருட்டில் வைத்தால், இழந்த நீலத்தில் ஒரு பகுதி மெல்லத் திரும்பி வரும். தமிழ்ப்பள்ளி ஒன்றின் படம், பெரியப்பா மேசைக்கு எதிரே சுவரில் பல காலம் மாட்டியிருந்தது, சாம்பல் போல் வெளிறிக் கிடந்தது. ஏழெட்டு மாதம் பெட்டிக்குள் இருந்தபின் எடுத்துப் பார்த்தால் கோடுகள் முன்பைவிடத் தெளிவாகத் தெரிந்தன. சன்னல் திண்டின் உயரத்தைப் பென்சிலால் அடித்து, இரண்டடி மூன்று அங்குலம் என்று திருத்தி, பக்கத்தில் "ஒண்ணாம் வகுப்பு உட்கார்ந்தபடி வெளியே பார்க்க" என்று எழுதியிருப்பதை அப்போதுதான் படித்தேன்.

அதற்கு அடுத்த தலைமுறை நகல், அம்மோனியா நெடியோடு ஈப்போவிலிருந்து சுருட்டி வருமே, அந்த டயாஸோ. அது விடும் ஆவி மற்றப் படங்களையும் புகைப்படங்களையும் கெடுக்கும் என்பதால் அதைத் தனிப்பெட்டியில் வைக்க வேண்டும். வைத்த இடம் எது, வந்த கட்டு எது என்று இரண்டு பக்கமும் சீட்டு எழுத வேண்டும். பழைய நெகட்டிவ் சுருள்களில் புளித்த காடி வாசம் வந்தால் அது அசிட்டேட் சிதைகிறது என்பதற்கு அடையாளம். உடனே மற்றவற்றிலிருந்து பிரித்துக் குளிரில் வைக்க வேண்டும். ஒட்டுநாடா வேண்டாம், அதன் பசை பழுப்பேறி எழுத்துக்குள் இறங்கும். லேமினேட் செய்வது அதைவிடக் கொடுமை. பெரியப்பா போட்ட கோபுரப் படத்தின் மூலத்தை ஓர் ஆலய நிர்வாகத்தார் நல்லெண்ணத்தோடு லேமினேட் செய்து மாட்டியிருந்தார்கள். அதற்குள் ஈரம் சிக்கிப் பழுப்பு பூத்துவிட்டது. இனி அதைப் பிரித்தெடுக்க வழியில்லை. தமிழகத்திலிருந்து வந்த ஸ்தபதி முழக்கணக்கில் சொன்னதைப் பெரியப்பா அடிக்கணக்காக மாற்றி ஓரத்தில் எழுதியிருந்த சிறு கூட்டல்கள் அதில்தான் இருந்தன.

அளவைப் போலவே மொழியும் இந்தக் கட்டுகளில் மாறிக்கொண்டே வருகிறது. 1972-ஆம் ஆண்டின் எடையளவுச் சட்டத்துக்குப் பின் அடி மெல்ல மெல்ல மீட்டராகிறது. அதே காலத்தில் படத்தின் தலைப்பு ஆங்கிலத்திலிருந்து மலாய்க்கு மாறி, "பெலான் தாப்பாக்" (மனைப் படம்) என்று வருகிறது. நிர்வாகிகளுக்கு ஆங்கிலம், உள்ளாட்சி மன்றத்துக்கு மலாய்; கொத்தனாருக்கும் ஆலயத்தாருக்கும் தமக்கும் தமிழ். ஆங்கிலமும் மலாயும் மட்டும் தெரிந்த ஒருவர் இந்தத் தொகுப்புக்குப் பட்டியல் போட்டால், தமிழில் உள்ளவை எல்லாம் "பல்வகைக் குறிப்புகள்" என்ற ஒரே தலைப்பின் கீழ் முடங்கிவிடும். தேடுபவர் கைக்கு அவை வரவே வராது. இதைத்தான் நான் மிகவும் அஞ்சுகிறேன். பெட்டியைக் காப்பகத்தில் சேர்த்துவிட்டால் கடமை முடிந்தது என்று எண்ணுகிறோம். அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று தமிழ் தெரிந்தவர் ஒருவர் தாள் தாளாக எழுதித் தராவிட்டால், அது பூட்டிய பெட்டியாகவே இருக்கும். ஆகவே ஒப்படைக்குமுன் முழுப் பட்டியலையும் தமிழிலும் மலாயிலும் நானே எழுதிக்கொண்டிருக்கிறேன். ரசீது அடிக்கட்டைகளையும் விடவில்லை. ஒரு பள்ளிக் கட்டடத்துக்கான கட்டணம் பத்து வெள்ளியும் பதினைந்து வெள்ளியுமாகப் பதினெட்டுத் தவணையில் வந்திருப்பதும், கடைசித் தவணைக்குப் பதில் "போதும்" என்று மட்டும் எழுதியிருப்பதும் அவற்றில்தான் உள்ளன.

உலகில் பெயர் பெற்ற கட்டடக் கலைஞர்களின் காகிதங்களுக்கே பாதுகாப்பு எளிதாக அமைந்துவிடவில்லை. லூயி கான் 1974-இல் நியூயார்க் ரயில் நிலையத்தில் இறந்தபோது அவருடைய அலுவலகம் கடனில் இருந்தது. படங்கள் சிதறி விற்கப்பட்டுவிடாமல் பென்சில்வேனியா மாநிலமே அவற்றை வாங்கிப் பல்கலைக்கழகத்தில் வைத்தது; கடிதக் கோப்புகளும் மாதிரிகளும் அங்கே ஒன்றாகவே இருக்கின்றன. இந்தியாவின் சார்லஸ் கோரியா தம் வாழ்நாளிலேயே ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட படங்களை லண்டனில் உள்ள அரச கட்டடக் கலைஞர் கழகத்துக்குக் கொடுத்துவிட்டார். நமக்கு அருகிலேயே, ஈப்போவில் பல கட்டடங்களை அமைத்த டென்மார்க்கியர் பி. எம். ஐவர்சனின் பணியை அவருடைய மகள்தான் தேடித் திரட்டி நூலாக்கினார். எங்கள் பெரியப்பா அவர்களைப் போலப் பெயர் பெற்றவர் அல்லர். ஆனால் லயத்துத் தாழ்வாரத்துக்காக மூன்று நாள் அலைந்ததைப் பதிந்து வைத்த காகிதம் வேறெங்கும் எளிதில் கிடைக்கும் என்று நான் நம்பவில்லை.

எங்கே கொடுப்பது என்ற கேள்விக்கு நெடுநாள் யோசித்தோம். 1957-இல் தொடங்கிய நம் தேசிய ஆவணக் காப்பகம் அரசு ஆவணங்களோடு தனியார் காகிதங்களையும் ஏற்கிறது. மலாயா சீனர் சங்கத்தை நிறுவிய தான் செங் லோக்கின் காகிதங்கள் அங்கே உள்ளன. அங்கே கொடுக்கவே முடிவு செய்து எழுதியிருக்கிறோம். கொடுக்கும் பத்திரத்தில் இரண்டு செய்திகளைத் தனித்தனியே சொல்ல வேண்டும். தாள் ஒருவருக்குச் சொந்தமாவது வேறு, அதன் பதிப்புரிமை வேறு. நம் நாட்டில் பதிப்புரிமை படைத்தவர் மறைந்தபின் ஐம்பது ஆண்டு நீடிக்கிறது. அடுத்தது, பிறருடைய அந்தரங்கம். சிலர் இன்றும் குடியிருக்கும் வீடுகளின் படங்களும், வங்கியின் பெட்டக அறைப் படம் ஒன்றும் இதில் உள்ளன. அவற்றை இத்தனை ஆண்டுக்குத் திறக்கக் கூடாது என்று எழுதிவிட்டோம்.

மிகக் கடினமாக இருந்தது பெரியம்மாவின் கடிதங்கள்தாம். அவற்றை நான் கேட்கத் தயங்கினேன். கேட்டபோது அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "ஊரார் படிக்கவா ராசா நாங்க எழுதினோம்?" என்றார். நான் அந்த ஐந்தடியின் கதையைச் சொன்னேன். நாட்குறிப்பின் அந்தப் பக்கத்தை வாங்கிப் பார்த்தவர், அந்த மூன்று நாளும் பெரியப்பா வீட்டுக்கு வராமல் தோட்டத்துக் கிராணி வீட்டில் தங்கியதாகவும், அதற்குத் தாம் கோபித்து எழுதிய கடிதம் கட்டில் இருக்கும் என்றும் சொன்னார். இருந்தது. அதிலேதான் அந்த லயத்தில் எத்தனை குடும்பம், எந்தெந்த வீட்டில் கைக்குழந்தை என்று பெரியப்பா முன்பு எழுதியதைச் சுட்டி, "எல்லார் வீட்டுப் பிள்ளைக்கும் ஏணை கட்ட இடம் பார்க்கிறீர்கள்" என்று எழுதியிருக்கிறார்.

கடிதங்களைக் கொடுக்கச் சம்மதித்தார். தம் காலம் வரை யாரும் பிரிக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு. ஒரே ஒரு கடிதத்தை மட்டும் எடுத்து மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார். எந்தக் கடிதம் என்று நான் கேட்கவில்லை. பட்டியலில் அந்தக் கட்டுக்கு நேரே, "இருபத்து மூன்று கடிதங்கள், ஒன்று குடும்பத்திடம் உள்ளது" என்று எழுதி, அது இருந்த இடத்தில் அதே அளவுள்ள ஒரு வெற்றுத்தாளை வைத்திருக்கிறேன்.